பிலாமரத்தடிச் சரல்குழி

எங்கள் சபைக்குப் புது ஆலயம் எழும்பிய காலம். தரை நிரப்ப மணலும் சரல் என்கிற சரளை மண்ணும் தேவைப்பட்டன. நல்ல சரல் எங்கள் விளைத் தோட்டத்தில், என் வீட்டுக்காரி நட்டு வளர்த்த பிலாமரத்தடியில்தான் கிடந்தது. குழிக்கு இடம் குறிக்க ஒரு மேஸ்திரி வந்தார். திருவட்டாறு பக்கத்து ஆள். குட்டை உருவம், தலைப்பாகையில் செருகிய முளைக்குச்சி. எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"வேரு அறுந்து எனக்க பிலா சாஞ்சா, சபையா சக்கைப்பழம் தரும்?" என்று இவள் வழிமறித்தாள்.

அவர் சிரித்தார். முளைக்குச்சியை அவளிடம் நீட்டினார். "குழி எதுவரை வரலாம்னு நீங்களே அடியுங்க அக்கா. அதைத் தாண்டி மண்வெட்டி விழாது."

அவள் விறுவிறுவென்று வேலியோரம் போய் அடித்தாள். "இவ்வளவு சரல் போதுமா?"

"போதும். பாதிரியார் நிக்க இடம் நிரம்பும். சபை வெளியே நிக்கட்டு."

முறைத்துக்கொண்டே குச்சியைப் பிடுங்கி, மரத்தின் பக்கமாக உள்ளே தள்ளி அடித்தாள். "இப்போ?"

"ஆம்பிளையாளுவ உக்காரலாம்."

மறுபடி பிடுங்கினாள். மரத்தை ஒட்டியே அடித்துவிட்டு, "இப்போ பொம்பிளையாளுவளும் உக்காரலாம்லா?" என்றாள்.

அவர் பதறி, குச்சியைப் பிடுங்கி நாலு முழம் பின்னால் அடித்தார். "போதும் அக்கா! பிலா எனக்க தலையிலல்லவா விழும்!"

குழி அந்தக் குச்சியோடு நின்றது. ஆலயமும் நிற்கிறது, பிலாவும் காய்க்கிறது. முதல் சக்கை வருஷந்தோறும் சபைக்குத்தான். அவர் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஜெபத்தில் இவள் "முளைக்குச்சிக்காரர்" என்றே சொல்கிறாள். கர்த்தருக்கு ஆள் தெரியாமலா போகும்?