நடை வேகத்தில் ஓர் ஒஸ்ரின்

என் அத்தான் சூசைதாசனோடு குருநகரில் யாருக்கும் பகை கிடையாது. ஆனாலும் கலியாண வீட்டுக்கு அவரை மனம்விட்டுக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பிரேதக் கார் ஓட்டுகிறவர் வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? அவருக்கும் அது தெரியும். கோயில் பூசையோடு மாப்பிள்ளை பொம்பிளையை வாழ்த்திவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார்.

கார் ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிறிஜ். முதலில் அது வாடகைக் கார்தான். சண்டையால் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்தில் வாடகைக்குப் பிடிக்க ஆளில்லை, செத்தவர்களைக் கொண்டுபோக வண்டியுமில்லை. பங்குச் சுவாமி கேட்டார் என்று அத்தான் பின்பக்கத்தை வெட்டி நீட்டி, கண்ணாடி போட்டு, ஊதாத் திரை கட்டினார். அன்றைக்கே என் அக்கா யோசப்பின் சொல்லிவிட்டாள்.

"உயிரோடை நான் உதிலை ஏறமாட்டன்."

சொன்னபடியே நடந்தாள். மடுத் திருவிழாவுக்குப் பஸ்ஸில் இடிபட்டுப் போனாள். வாசலில் கார் நிற்க, மகள் லவீனாவின் பிள்ளைப்பேறுக்கு ஓட்டோ பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அத்தான் ஒருநாளும் அதற்குக் கோபித்ததில்லை.

அவருடைய கெட்டித்தனம் எல்லாம் நடை வேகத்தில்தான். எங்கள் ஊரில் சவ ஊர்வலம் நடந்துதான் சேமக்காலைக்குப் போகும். முன்னால் சிலுவை, பின்னால் சனம், நடுவில் கார். சிலுவை பிடிக்கிறவர் மெல்ல நடந்தால் காரும் மெல்ல உருளும். அவர் நின்றால் காரும் நிற்கும், பிறகு ஒரு துள்ளலும் இல்லாமல் புறப்படும். "சூசையின்ரை காரிலை போனால் குலுக்கமே தெரியாது" என்று ஊரில் சொல்வார்கள். போனவர்களில் யார் திரும்பி வந்து சொன்னது என்று நான் கேட்பேன். அத்தான் சிரிக்கமாட்டார். அந்தத் தொழிலில் அவருக்குப் பகிடி பிடிக்காது.

போன பங்குனியில்தான் அந்த மானக்கேடு நடந்தது. எங்கள் ஊர்க் கிறிஸ்ரோபரின் தகப்பனைக் கொண்டுபோன அன்று, உச்சி வெயிலில், மீன் வாடிக்கு முன்னால் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் பெட்டியை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தான் மட்டும் வெறும் காருக்குப் பக்கத்தில், அடிவாங்கின பிள்ளை மாதிரி நின்றார். அதற்குப் பிறகு வந்த செத்தவீட்டுக்குப் பட்டினத்து மலர்ச்சாலையிலிருந்து புதுப் பிரேத வான் வந்தது. அதற்குள் குளிரூட்டி, பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தன.

அந்த நேரம் அக்கா படுக்கையில் இருந்தாள். வயிற்றில் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். கார் நின்ற கதை அவளுடைய காதுக்கும் போய்விட்டது. நான் தலைமாட்டில் இருந்தபோதுதான் அத்தானைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்னை அந்தப் பாட்டுப் பெட்டி வானிலை ஏத்தக்கூடாது. உங்கடை காரிலைதான் நான் போவன். நீங்கள்தான் ஓடவேணும். நடுவழியிலை நிக்கவும் கூடாது."

அத்தான் "ஓம்" என்றார். நேரே வெளியே போய்க் காரின் பொனற்றைத் திறந்தார்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். என்ன பிழை என்று பார்க்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நடந்து போகிற வேகத்தில் எஞ்சினுக்குக் காற்றுப் படாது. வெயிலோடு வெயிலாக ஒயில் சூடேறித் தண்ணீராய் இளகிப்போகும். இளகின ஒயிலுக்கு அமுக்கம் இல்லை. அமுக்கம் விழுந்தால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசத்தான் செய்யும். ஒயிலை வடிக்கிற பழைய பில்டர் வேறு எஞ்சினோடு ஒட்டி, அதே சூட்டில் வெந்துகொண்டிருந்தது. எஞ்சினைப் பிரித்து உள்ளே தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் புதிதாய்ப் போட்டோம். ஆனால் ஒயில் குளிராவிட்டால் மறுபடியும் இறுகும். ஒயிலை வெளியே எடுத்து, குளிரவைத்து, வடித்து, திரும்ப உள்ளே விடவேண்டும். அதுதான் வழி என்று நான் சொன்னேன்.

அச்சுவேலியில் ஒரு பழைய இரும்புக் கடையில், நொறுங்கின ஜப்பான் வானிலிருந்து கழற்றின ஒயில் கூலர் ஒன்று கிடைத்தது. பழைய பில்டர் இருந்த இடத்தில் பூட்டுவதற்கு இரண்டு துவாரம் உள்ள தகடு ஒன்றை லேத்தில் கடைந்தோம். மண் அள்ளும் பெக்கோ மெசினுக்கு ஓஸ் குழாய் அடித்துக் கொடுக்கும் கடையில் கம்பி வலை போட்ட றபர் ஓஸ் வாங்கி, முனைகளை அங்கேயே அமுக்கிப் பூட்டிக்கொண்டோம். புது பில்டரை மட்காட்டின் உட்பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கவிட்டோம்.

முதலில் பில்டரா, முதலில் கூலரா என்று எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை. கூலருக்குள் ஊத்தை போகக்கூடாது, பில்டர்தான் முதல் என்று அவர் நின்றார். கூலரே பழசு, அதற்குள் அந்த வானின் தூள் எவ்வளவு கிடக்கோ, அது நேரே எஞ்சினுக்குள் போகவா என்று நான் கத்தினேன். மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கழுவினோம். வெள்ளித் தூள் போலக் கறுப்போடு கலந்து வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் பேச்சுக்கு வந்தார். எஞ்சினிலிருந்து கூலர், கூலரிலிருந்து பில்டர், பில்டரிலிருந்து எஞ்சின் என்று ஓஸ் இழுத்தோம். அத்தான் ஓஸ் உரசக்கூடிய ஒவ்வொரு விளிம்பிலும் பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து சுற்றிக் கட்டினார். ஸ்ரியரிங்கின் கீழே ஒயில் அமுக்கம் காட்டும் மீற்றர் ஒன்றையும் வைத்தார்.

வேலை வடிவாய்த்தான் நடந்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே படுத்திருக்கிறாள், இந்த மனுசன் வெளியே காரின் கீழ் படுத்திருக்கிறார். அவளுக்கு மருந்து கொடுப்பதும் முதுகு துடைப்பதும் லவீனாதான். அத்தான் வாசற்படியில் வந்து, ஒயில் கையோடு நின்று எட்டிப் பார்ப்பார். "என்ன மாதிரி?" என்பார். அவள் "இருக்கிறன்" என்பாள். அவர் திரும்பப் போய்விடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அக்காவிடமே வெடித்தேன்.

"அக்கா, உயிரோடை இருக்கிற உன்னைப் பாக்காமல் அந்தாள் உன்ரை செத்தவீட்டு வேலை பாத்துக்கொண்டு கிடக்குது!"

அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "விடடா தம்பி. அவருக்கு என்னைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பாத்தால் அழுகை வந்திடும். காரெண்டால் ஏதேனும் செய்யலாம்."

நான் வெளியே போய் அத்தானோடு காரின் கீழ் படுத்தேன்.

ஒயில் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி வைத்து, மீற்றர் முள் எழும்பும்வரை எஞ்சினைச் சுற்றவிட்டு, பிறகு ஸ்ராட் செய்தோம். ஒரு துளி கசிவு இல்லை. பண்ணைப் பாலத்தால் ஓடிப் பார்த்தோம். முள் ஆணி அடித்தாற்போல நின்றது. முடிந்தது என்று நான் கையைத் துடைத்தேன்.

"உது ஓட்டமெல்லோ?" என்றார் அத்தான். "நடையிலை பாக்கவேணும். பாரத்தோடை."

அவர் சொன்னது நியாயம்தான். என் பட்டறைக்குப் போய் காரின் பின்பக்கத்தில் மண் மூட்டைகளை நீட்டுக்கு அடுக்கினோம். உள்ளே மண் சிந்தக்கூடாது என்று மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினேன். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, மத்தியானம் கோயிலடியிலிருந்து சேமக்காலைப் பக்கமாகக் காரை விட்டார். எங்காவது ஒயில் கசிகிறதா என்று பார்க்க நான் பொனற்றுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நடந்தேன். அவர் மீற்றரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினார். பழக்க தோசம், முன் லைற்றுகளையும் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் புத்தி எங்கே போனதோ!

முதலில் ஒரு ஓட்டோக்காரன் ஓரங்கட்டி நின்றான். நான் கவனிக்கவில்லை. பிறகு கடைக்காரர் ஒருவர் கதவைப் பாதி சாத்தினார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பித் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது எங்களுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நடந்து வந்துகொண்டிருந்தது. செபமாலை சொல்வதும் கேட்டது. அத்தானின் முகத்தையும் என் குனிந்த தலையையும் வெள்ளைத் துணியையும் பார்த்த சனத்துக்கு யாரைக் கேட்கவேண்டும்? அக்கா போய்விட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

"அத்தான், லைற்றை நூருங்கோ!" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "முள் விழுகுதடா கொலின்ஸ்" என்றார். உண்மைதான், முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற காருக்குத்தான் கூலரில் காற்றடிக்கும். நடக்கிற காருக்கு ஏது காற்று? நான் பின்னால் திரும்பி, "மண் மூட்டை! மண் மூட்டை!" என்று துணியை இழுத்துக் காட்டினேன். சிலர் ஏசினார்கள். சிலர் அழுத கண்ணோடு சிரித்தார்கள். ஆனால் கதை எங்களுக்கு முன்னமே வீட்டுக்குப் போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறையச் சனம். வேலிச் சண்டையில் எத்தனையோ வருசமாய் அக்காவோடு கதைக்காத எங்கள் சின்னம்மாவின் மகள் றொசாந்தி, படலையடியில் தலைவிரி கோலமாய்க் குந்தியிருந்து, "என்ரை யோசப்பினக்கா, என்னோடை ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியே" என்று குழறிக்கொண்டிருந்தாள். லவீனா மறிக்க மறிக்க, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"றொசாந்தி, நான் இன்னும் போகேல்லையடி. உள்ளை வா."

அந்த முற்றத்தில் எழுந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவைக் கதிரையில் இருத்தினோம். வந்தவர்கள் ஒவ்வொருவராய்ப் போய் அவளுடைய கையைப் பிடித்தார்கள். அவள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். றொசாந்தி அவளுடைய காலடியைவிட்டு எழும்பவே இல்லை.

அத்தான் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். சனம் கலைந்த பிறகுதான் உள்ளே வந்தார். வந்து, கட்டிலடியில் இருந்து, ஒயில் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கார் நின்ற அன்றும் டொக்டர்மார் கைவிட்ட அன்றும் அழாத மனுசன்.

"பிழை விட்டிட்டன் யோசப்பின்" என்றார்.

"நல்ல பிழை" என்றாள் அக்கா. "ஆர் ஆர் வருவினமெண்டு பாத்திட்டன். முள் என்ன சொல்லுது?"

"விழுது. காத்துக் காணாது."

"அப்ப அதைச் செய்து முடியுங்கோ. முடிச்சிட்டு இதிலை வந்து இருங்கோ."

மறுநாள் நான்தான் ஒரு சின்ன மின்விசிறியைக் கூலருக்கு முன்னால் பூட்டி, அதற்கு ஒரு சுவிச்சும் வைத்துக் கொடுத்தேன். றோட்டின் இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் சொல்லிவிட்டு, லைற் போடாமல், ஒருக்கால் நடையில் விட்டுப் பார்த்தோம். முள் இறங்கவில்லை. அத்தான் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அதற்குப் பிறகு அக்காவின் பக்கத்திலேயே இருந்தார். அவள் தூங்கினாலும் கையை விடமாட்டார். அப்படிச் சில கிழமைகள் அவர்களுக்குக் கிடைத்தன. வைகாசி முடிகிற நேரம், ஒரு காலையில், அவர் தேத்தண்ணி பருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

வேறு யாராவது ஓட்டட்டும் என்று சுவாமியும் சொன்னார், கிறிஸ்ரோபரும் வந்து கேட்டான். அத்தான் தலையாட்டினார், ஆனால் கார்த் திறப்பைக் கொடுக்கவில்லை. முள்ளைப் பார்க்க என்னைப் பக்கத்தில் ஏறச் சொன்னார். கோயிலில் பூசை முடிந்து பெட்டியை ஏற்றினோம். பின்னால் லவீனா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

மீன் வாடியைத் தாண்டினோம். முள் அசையவில்லை. விசிறி இரைந்துகொண்டிருந்தது. அத்தான் வரவர வேகத்தைக் குறைத்தார். சிலுவை தூரப் போய்விட்டது. சுவாமி திரும்பிப் பார்த்தார். சேமக்காலை மதில் தெரியத் தொடங்கியபோது, அத்தான் கையை நீட்டி விசிறிச் சுவிச்சை நூர்த்தார். இரைச்சல் நின்றது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் றோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முள் மெல்ல இறங்கியது, இன்னும் இறங்கியது. உண்மையைச் சொன்னால், நானும் அது இறங்கட்டும் என்றுதான் இருந்தேன்.

"நிக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டாள்" என்றார் அத்தான். சுவிச்சைத் திரும்பப் போட்டார்.

கார் ஒரு குலுக்கமும் இல்லாமல் சேமக்காலை வாசலுக்கு வந்து சேர்ந்தது. பெட்டி இறக்கப் பெடியங்கள் வந்து நின்றார்கள். வழக்கமாக அத்தான்தான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறப்பார். அன்று அவர் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நான்தான் குனிந்து, திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.