வசனமில்லாத அச்சுக்காரன்

எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் ஓய்வுநாட் பாடசாலை நாடகத்தில் கதாநாயகன் வேடம் எனக்குத்தான் கிடைத்தது. ஆனால் பேசுவதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட அநியாயம் வேறு என்ன வேண்டும்?

ஐரோப்பாவில் சபைச் சீர்திருத்தம் நடந்த காலத்தில், தடைசெய்த புத்தகத்தை இரகசியமாக அச்சடித்த ஒருவனின் கதை அது. எழுதியவன் யார் என்று நீதிபதி மூன்று தரம் கேட்பான். பேரைச் சொன்னால் விடுதலை. அச்சுக்காரன் வாயே திறக்காமல் சிறைக்குப் போவான். நீதிபதியாகப் பெரியப்பாவின் மகன், கோயில் பாடகர் குழுவின் அங்கியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசினான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மட்டக்களப்பு டவுனில் அச்சக வேலை பார்த்தவர். மை படிந்த தன் பழைய சட்டையை வேடத்துக்குத் தந்தார். நாடகம் பழக்கிய டீச்சரிடம் சொல்லி எனக்கு ஒரு வசனமாவது வாங்கித் தரும்படி அவரைத்தான் நச்சரித்தேன்.

"மூண்டு தரம் கேட்டும் பேசாம நிக்கிறது லேசில்ல, புள்ள," என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

நாடகத்தன்று கோயில் நிறையச் சனம். இரண்டு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரம் முடியவில்லை. முன்வரிசையில் இருந்த போதகர் ஐயாவை நோக்கிக் கையை நீட்டி, இவர்தான் எழுதினவர் என்று கத்திவிட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. போதகருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. நீதிபதி திகைத்துப்போய், "அப்ப நீ வீட்ட போகலாம்," என்று தீர்ப்புச் சொன்னான். மாமா மட்டும் எழும்பி வெளியே போனார்.

என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாடகத்துக்கு முன்பே, நாட்டில் சண்டை நடந்த காலத்தில், ஒரு துண்டுப்பிரசுரத்தை அச்சடித்ததற்காக மாமாவைப் பிடித்துக்கொண்டு போய், எழுதியது யார் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் கூட்டாளியின் பேரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர்கள் கொண்டுபோன கூட்டாளி திரும்பி வரவே இல்லை. 

நாடகத்தன்று நான் மாமாவின் பின்னாலேயே ஓடினேன். கோயிலுக்குப் பக்கத்து வாவியைப் பார்த்தபடி நின்றார். என் வசனம் எப்படி என்று பெருமையாகக் கேட்டேன்.

"நீ கை காட்டின ஐயா எங்க?"

"உள்ள தேத்தண்ணி குடிக்கிறார், மாமா."

"போய்ப் பாத்திட்டு வா."

போய்ப் பார்த்தேன். போதகர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்து சொன்னேன். சற்று நேரத்தில் இன்னொரு தரம் பார்த்து வரச் சொன்னார். மாமாவுக்கும் கேக் ஆசை, வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.