கூடு கட்டாத குளவி

மழை விட்ட காலையில் எங்கள் தாராவி அறையின் ஜன்னலைத் திறந்தால், கீழே தோல் பட்டறையின் வாடையோடு ஜன்னலோர டப்பாவில் வளர்ந்த துளசியின் வாசமும் சேர்ந்து வரும். அந்தத் துளசிப் பூவின் மேல், மஞ்சளும் கறுப்புமாக, நூல் போன்ற இடுப்போடு சில பூச்சிகள் அசையாமல் அந்தரத்தில் நிற்கும். நாங்கள் அவற்றைக் "கொளவி" என்றோம்.

குளவி வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் அங்கே பிள்ளை பிறக்கும் என்பது திருநெல்வேலியிலிருந்து எங்கள் ஆட்கள் ரயிலேற்றிக் கொண்டுவந்த நம்பிக்கை. எங்களோடு இருந்த சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தையில்லை. தாணேயிலிருந்து ஞாயிறுதோறும் வரும் அத்தை, தன் தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, வேறு பெண் பார்க்கவேண்டும் என்று சித்தியின் காதுபடவே பேசுவாள். அப்படிப் பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா ஜன்னலைக் காட்டி, "பொறுங்க மைனி, கொளவி வந்துட்டு. கூடு கட்டட்டும்," என்றாள். அத்தை அந்தப் பேச்சை அதோடு விட்டாள். குளவியை மீறிப் பேச அவளுக்கும் பயம்.

மறுநாளே சித்தி கும்பார்வாடா குயவர்களிடம் களிமண் வாங்கிவந்து, குழைத்து, ஒரு தட்டில் ஜன்னலோரம் வைத்தாள். காற்றுக்குப் பூச்சிகள் பறந்துவிடக்கூடாதென்று ஃபேனைக்கூட நிறுத்திவிடுவாள். நாங்கள் வியர்வையில் ஊறினோம். பூச்சிகளோ அந்த மண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சித்தி குழாயடிக்குப் போயிருந்த ஒருநாள், தட்டில் தேங்கிய தண்ணீரில் ஒன்று விழுந்துவிட, நான் பயந்துகொண்டே விரலால் எடுத்தேன். கொட்டவில்லை. குளவிக்கு நான்கு சிறகு, இதற்கு இரண்டேதான்; ஈயைப் போல முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அம்மா, இது மக்கி! கொளவி வேசம் போட்ட ஈ!" என்று பள்ளிக்கூட இந்தியும் தமிழுமாகக் கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். "எனக்குத் தெரியும்ட்டி. சித்தி காதுல விழுந்தா ஒடஞ்சு போவா. சும்மா கெட."

கொடுக்கே இல்லாத அந்தப் பூச்சி, அத்தையின் வாயை ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டிப்போட்டது. அதற்குள் சித்தப்பாவுக்கே தைரியம் வந்து, "எனக்கு இவ போதும்க்கா," என்று சொல்லிவிட்டார். குழந்தை பிறக்கவில்லை, வேறு பெண்ணும் வரவில்லை.

இன்று நாங்கள் இருந்த சந்தே இல்லை. அங்கே உயரமாகக் கட்டடம் எழும்புகிறது. சித்தி இப்போது நெருளில் குடியிருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது, இனி என்ன என்று, அது ஈ என்பதையும், அம்மாவுக்கு அது அப்போதே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

சித்தி சிரித்தாள். "மொத நாளே தெரியும்ட்டி. ஒங்கம்மைக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். எனக்காவ இவ்வளவு நம்புதாவளேன்னுதான் மண்ணு கொழச்சேன்." சிரிக்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

இதை உடனே அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று கை போனைத் தேடியது. அம்மா இப்போது இல்லை.