குளிக்காத வண்டு

என் சிநேகிதிக்கு வண்டுப் பைத்தியம். எனக்கு, அந்த வண்டின் முதுகில் பூஞ்சணமாய் வளரும் பங்கசுப் பைத்தியம். இரண்டு பேரும் ஒரே ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளர்கள். வேலை முடிந்ததும் ஒரே நுணுக்குக்காட்டிக்கு அடிபடுவோம்.

மட்டக்களப்பு வாவிக் கரையில், சேறும் புல்லும் சேருமிடத்தில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுத்த வண்டு ஓடித்திரியும். அவள் அதைத்தான் சேர்த்துவந்தாள். ஒருநாள் அவள் பிடித்துக்கொண்டுவந்த கையோடு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். இறக்கை மூடியின் ஓரத்தில் மஞ்சள் மயிர் போல ஏதோ தெரிந்தது. பெருப்பித்துப் பார்த்தால் மயிரே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலூன்றி நிற்கிற பங்கசு! இந்த வகைப் பங்கசு வண்டைக் கொல்லாது. ஒரு வண்டு இன்னொன்றோடு உரசும்போது தொற்றி, அதன் உடம்பிலேயே வளர்ந்து, அங்கேயே வாழ்ந்து முடித்துவிடும். இதுவரை எழுதப்பட்ட விவரணங்களைத் தேடித்தேடிப் படித்தேன். என்னுடையது எதற்கும் பொருந்தவில்லை. அன்றைக்குச் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டில் இந்தத் துறையையே கரைத்துக் குடித்த ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். பதில் உடனே வந்தது. புதிது போலத்தான் இருக்கிறதாம். ஆனால் நான் அனுப்பியவை எல்லாம் இளசுகளாம். வித்திப்பை முற்றிய ஒன்றாவது கிடைத்தால்தான் புதிய இனமென்று எழுதலாம். கிடைக்காவிட்டால் அது வெறும் மஞ்சள் மயிர்.

எனக்கென்ன கவலை? சிநேகிதியின் பெட்டியில் அதே வண்டுகள் நிறைய இருந்தன. கேட்டதும் பெருமையோடு திறந்து காட்டினாள்.

"பாருகா, எல்லாம் அதே கரைதான்."

வண்டுகள் மினுங்கின, புதுச் சப்பாத்துகள் மாதிரி. ஒன்றிலும் ஒரு மயிர்கூட இல்லை. ஊசியில் குத்திவைக்குமுன் சவுக்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, ஓவியம் தீட்டும் தூரிகையால் தேய்த்து எடுப்பது வண்டு சேர்ப்பவர்களின் வழக்கம். இவள் அதில் கைதேர்ந்தவள்.

"என்னகா, மூஞ்சி இப்பிடிப் போகுது?"

"எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டாய்கா."

"பின்ன, ஊத்தையோடயா வைக்கிற?"

"அந்த ஊத்ததான்கா என்ட இனம்."

 அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "ஒரு இனத்தையே சவுக்காரம் போட்டு அழிச்சிருக்கன் எண்டு சொல்லு!"

நானும் சிரித்தேன். ஆனால் மாரி மழை வரப்போகிற நேரம் அது. மழை பிடித்தால் வாவி ஏறி அந்தக் கரையை மூடிவிடும். அது வற்றுவதற்குள் எனக்கு இந்தத் தற்காலிக வேலையும் முடிந்துவிடும், நுணுக்குக்காட்டியும் கைவிட்டுப் போய்விடும்.

மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரில் செட்டிபாளையம் பக்கம் அதே கரைக்குப் போனோம். இந்த வண்டைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. வாவித் தண்ணீரைக் கோப்பையால் அள்ளிக் கரையில் ஊற்ற வேண்டும். வெடிப்புக்குள் இருப்பவை பதறிப்போய் வெளியே ஓடிவரும். பக்கத்தில் தோணியில் வலை கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன புள்ளயள், கரைக்கா தண்ணி ஊத்துறீங்க?"

"ஓம் மாமா, வண்டு பிடிக்கிறம்."

"கொஞ்சம் பொறுத்தா மழயே ஊத்துமே."

"பிறகு கரையே இருக்காதே மாமா."

"அதுவும் சரிதான்," என்று வலையை உதறினார். "பொரிச்சாத் தின்னலாமோ?"

ஓடிவந்ததையெல்லாம் பிடித்துப் பிடித்து லென்ஸால் பார்த்தேன். மொட்டை. அடுத்ததும் மொட்டை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போது சிநேகிதி உள்ளங்கையில் ஒன்றை வைத்திருந்தாள், உடம்பெல்லாம் சேறு. அவளுடைய மற்றக் கை பையிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டது.

"ஏய், தொடாத!"

நான் போட்ட சத்தத்தில் தோணிக்காரரே நிமிர்ந்து பார்த்தார்.

"கை தானாப் போகுதுகா," என்று தூரிகையைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள்.

லென்ஸை வைத்தேன். சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளாக, கொத்துக் கொத்தாக, நல்ல நீளத்தில் எட்டிப்பார்த்தன. குப்பியை மூடவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது.

நனைந்த உடுப்போடேயே ஆய்வுகூடத்தில் போய் இருந்தேன். ஒன்றை ஊசியால் மெல்லக் கிளப்பி, கண்ணாடித் தட்டில் கிளிசரின் துளிக்குள் இறக்கினேன். பருத்த வித்திப்பை, அதன் கூர்நுனி, உள்ளே வரிசையாக வித்திகள். முற்றியிருந்தது! நான் கத்திய கத்தில் சிநேகிதி ஓடிவந்து கண்ணை வைத்தாள்.

"இதுவாகா? முள்ளங்கி மாதிரி இருக்கு. இதுக்கா மழையில நனைஞ்சம்?"

இப்போது விவரணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கலத்தையும் அளந்து, வரைந்து, பக்கத்து இனங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று சொல்லவேண்டும். இனப்பெயரில் வாவி வருகிறது. முள்ளங்கியை மட்டும் சேர்க்க மறுத்துவிட்டேன். அந்தக் கரை தண்ணீருக்குள் போய்விட்டது. வண்டு அவளுடைய பெட்டியில் இருக்கிறது, மினுங்குகிறவற்றின் நடுவே, சேறும் மிச்ச மயிருமாக. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுக்கிறது. தொடமாட்டாள். ஆனால் வேறு கரைகளில் பிடிக்கிற வண்டையெல்லாம் முதலில் என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்.

"கெதியாப் பாருகா, இதுகளக் குளிப்பாட்டோணும்."