பாசி விளக்கு

திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கடற்பாசியை ஜீரணம் செய்ய வைப்பது என் வேலை. காய்ந்த பாசியை அரைத்து, என்சைம் கலந்து வெதுவெதுப்பாக வைத்தால் அதன் கெட்டிச் சுவர் உடைந்து சர்க்கரை வரும். அதில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து வடித்தால் வண்டிக்கு எரிபொருள். சொல்வதற்கு எளிது. என் கையில் மட்டும் பாசி பாசியாகவே கிடந்தது. எங்கள் ஊரான நகரியில் பாசி என்றால் குளத்துப் படியில் ஆளை வழுக்கி விடுவது. நான் மேற்படிப்பு படித்து வழுக்கியவன்.

அப்போதுதான் அப்பாவுக்கு, நான் கூப்பிடுகிறபடி நைனாவுக்கு, கணையத்தில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டதாம். சோற்றை உடைக்கிற என்சைம் சுரப்பதே அங்கேதான். அது நின்றுபோனதால் சாப்பிடும்போதெல்லாம் என்சைம் மாத்திரை. மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் கழுவப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

"இன்னாடா, பாசிக்குப் போடறதையே எனக்கும் குடுக்கறாங்க?" என்றார் நைனா.

"இது வேற நைனா."

"பாசியாவது கரையுதா?"

"இல்ல."

"அப்போ அதுக்கும் ஒடம்பு சரியில்ல."

பவர்லூம் ஓட்டியவர் அவர். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினால் முதலில் அறுக்கும் துணியை விற்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என்னிடமும் அதையே கேட்டார். "மொதல்ல வர்றத காலேஜுக்குக் குடுத்துடாத. நம்ம வூட்ல ஒரு வெளக்கு ஏத்து. நான் கண்ணால பாக்கணும்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. அவர் கரைவதற்குள் பாசி கரைய வேண்டும்.

பாசியை முதலில் லேசான அமிலத்தில் ஊறவைத்த பிறகு என்சைம் வேலை செய்தது. ஒரு சின்ன பாட்டில் ஆல்கஹால் தேறியது. அதைச் சாப்பாட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு புத்தூர் வழியாக பஸ் ஏறினேன். மூடி சரியில்லை. பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்து, "காலங்காத்தாலயேவா?" என்று எழுந்து போய்விட்டார். எரிபொருள் என்று விளக்கியிருக்கலாம். எந்தக் குடிகாரன்தான் விளக்கம் சொல்லவில்லை?

வீடு சேரும்போது நல்ல வெயில். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாதி ஆளாக. சாமி படத்துக்கு முன்னால் கண்ணாடி விளக்கில் ஊற்றித் திரியைப் பற்றவைத்தேன்.

"ஐயோ, அணைஞ்சிபோச்சே!" என்று பதறினாள் அம்மா. நோயாளி இருக்கிற வீட்டில் விளக்கு அணையலாமா? மறுபடி தீக்குச்சி எடுக்க ஓடினாள்.

நைனா என்னைப் பார்த்தார். "பரவால்ல நைனா. இன்னொரு வாட்டி வரும்."

என்னையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார், நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்கும்போது மட்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆல்கஹால் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மாணவர்களுக்கு வருஷம் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறவன் பட்டப்பகலில் பற்றவைத்திருக்கிறேன்.

"எரியுது நைனா. தெரியல, அவ்ளோதான்." அவர் கையைப் பிடித்து விளக்குக்கு மேலே கொண்டுபோனேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதுடா!"

எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தார். அம்மா கதவைச் சாத்தி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாள். இருட்டில் நூல் மாதிரி நீலமாக ஆடியது. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "இதுல வண்டி ஓடுமா?"

"இவ்ளோ கொஞ்சத்துலயா? தெரு முனைக்குக்கூடப் போவாது."

"போதும். அதுக்கப்புறம் நாலு பேர் தூக்கிக்கினு போவாங்க."

நான் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் போய்விட்டார். தலைமாட்டில் நல்லெண்ணெய் விளக்கு. நடுப்பகலிலும் அதன் சுடர் மஞ்சளாக, நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அம்மா வந்து வந்து அதன் மேல் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.