அப்பாவின் நடைத் துணை

வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று என்னிடம் கேளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அப்பா நடக்கப் போன காலத்தில் அதை நன்றாக அனுபவித்தவன் நான்.

அப்பாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. தினமும் வேர்க்க வேர்க்க நடந்தால் இவை எவ்வளவு குறையும், மாரடைப்பைத் தடுக்கலாமா என்று யாரோ டொக்டர்மார் ஆராய்ச்சி செய்தார்கள். அப்பாவையும் அதில் சேர்த்து, நடையை எண்ண இடுப்பில் கொழுவும் ஒரு சின்ன மெஷினும் கொடுத்தார்கள். அதைப் பார்த்து எண் சொல்லும் உத்தியோகம் தங்கச்சிக்கு. பின்னேரம் கூடவே போகும் உத்தியோகமும் அவளுக்குத்தான்.

சண்டைக் காலம். கடற்கரைப் பக்கச் சந்தியில் ஆமிக்காரர் மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். கடைக்கு, கோயிலுக்கு என்று சொல்லலாம். சும்மா நடக்கிறேன் என்றால் எந்த ஆமிக்காரன் நம்புவான்? அதற்குத்தான் தங்கச்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுக்கிய சிங்களத்தில், "தாத்தாட்ட சீனி" என்பாளாம். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அவர்களும் சிரித்துக்கொண்டு விடுவார்களாம். வீட்டுக்கு வந்து இதை நடித்தும் காட்டுவாள், சனியன்!

நான் என்ன குறைச்சல்? மீசை அரும்பி, அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தேன். "நான் பெரிய ஆள்தானே, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"நீ வேண்டாம். இருந்து படி."

செல்லம் முழுக்க அவளுக்கு என்று பொருமினேன். ஒருநாள் சொல்லாமல் பின்னால் போய், சந்தியில் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். தங்கச்சியைப் பார்த்துச் சிரிக்க வந்த ஆமிக்காரர் என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். அடையாள அட்டை கேட்டார். அட்டை எடுக்கும் வயது எனக்கு வரவில்லை என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கச்சி அழத் தொடங்கினாள். அப்பா என் மணிக்கட்டை நோகப் பிடித்திருந்தார். புலியா என்று நெடுநேரம் விசாரித்துத்தான் போகச் சொன்னார்கள்.

அடுத்த நாள் அப்பா நடக்கவில்லை. பிறகும் இல்லை. ஆராய்ச்சிக்கார மிஸ் வந்தபோது, "கால் நோகுது, என்னை விடுங்கோ பிள்ளை" என்று மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். நடக்காவிட்டால் இருதயத்துக்கு ஆபத்து என்று அவர் மன்றாடியும் அப்பா மசியவில்லை.

மிஸ் போனதும் அம்மா ஏசினார். "நான் வெளிக்கிட்டா இவன் பின்னால வருவான்" என்றார் அப்பா.

என்னைக் கரைச்சல், தொல்லை என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்கு இல்லாதது இனி அவளுக்கும் இல்லை என்று நினைத்தபோது, பரவாயில்லை என்றிருந்தது.