கெஸ்ட் ஹவுஸ் பாதைக்கு எதை மாட்டுவது?

டிராக்டர் தனியாக ஒரு வேலையும் செய்யாது. பின்னால் எதை மாட்டுகிறோமோ, அந்த வேலையைத்தான் செய்யும். இதை யாராவது முன்கூட்டியே என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், எனக்குப் பாதி ரத்தக்கொதிப்பு வந்திருக்காது. யாரும் சொல்லவில்லை. நெய்வேலியில் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தொந்தரவே அதுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் டவுன்ஷிப் பராமரிப்பில் ஓவர்சியர். ஓவர்சியர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், டெம்பரரி. கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் மனைவி நெல்லிக்குப்பத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். நான் நெய்வேலியில் ஒரு தகரக் கொட்டகையில், குறட்டை விடும் பிரம்மச்சாரிகளுக்கு நடுவில் கிடந்தேன். காரணம் என் மாமனார். அவர் சர்க்கரை ஆலையில் பெர்மனென்ட். உலகத்து மனிதர்களை அவர் இரண்டே ஜாதியாகத்தான் பிரிப்பார்: பெர்மனென்ட், மற்றவர்கள்.

"வேலை பெர்மனென்ட் ஆவட்டும் மாப்ள. குவார்ட்டர்ஸ் குடுக்கட்டும். அப்பறம் வந்து தாராளமா அழைச்சிக்கினு போங்க. கொட்டாயில எல்லாம் எம்பொண்ண குடியேத்த முடியாது" என்பார். சொல்லிவிட்டுக் காப்பி கொடுப்பார். அதைக் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்புவேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி நெல்லிக்குப்பம் போவேன். மாமனார் எங்கள் இருவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் முன்னால் புதுப் பெண்டாட்டியிடம் வேறு என்ன பேச முடியும்? ஆபீஸ் கதைதான். ஆகவே கெஸ்ட் ஹவுஸ் பாதையின் கதை முழுவதும் அவளுக்கு வாரா வாரம் தெரிந்துகொண்டே வந்தது.

பாதை என்றால் ரோடு அல்ல. மெயின் ரோட்டிலிருந்து கெஸ்ட் ஹவுஸ் போர்ட்டிகோ வரை வளைந்து போகும் கிராவல் பாதை. செம்மண்ணும் சரளைக்கல்லும் கொட்டிப் போட்டது. ஒரு மழைக்காலம் போனதும் நடுவில் முதுகு எடுத்து, இரண்டு பக்கமும் சக்கரத் தடம் பள்ளமாகி, கார் உள்ளே வந்தால் உட்கார்ந்திருப்பவர் தலை கூரையில் இடிக்கும். மதராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து தங்கப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் திருநெல்வேலிக்காரர். ஆள் கனம், குரல் அதைவிடக் கனம்.

"வே, இங்க வாரும். பார்க் செக்ஷன்ல டிராக்டர் சும்மாதான நிக்கி? அது பின்னால எதையாச்சும் மாட்டி இந்தப் பாதைய நேராக்கும். அவரு வாரதுக்குள்ள முடிச்சீருன்னா உம்ம பேரை பெர்மனென்ட்டுக்கு எழுதுதேன். முடிக்கலைன்னா எங்கிட்ட வராதீரும்."

அவ்வளவுதான். என் குடும்ப வாழ்க்கை மொத்தமும் ஒரு டிராக்டரின் பின்பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டது.

ஸ்டோரில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று கொக்கிக் கலப்பை, இன்னொன்று அகலமான இரும்பு பிளேடு. எது வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள் இன்ஜினியரே முடிவு செய்துவிட்டார். "முதுகு எடுத்திருக்குல்லா? அப்போ முதல்ல கிளறணும். கொக்கியை மாட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் மேலதிகாரியை எதிர்த்துப் பேசும் வயசா அது? மாட்டினோம்.

டிராக்டர் டிரைவர் பக்கத்து ஊர்க்காரர். அதற்கு முன்பு சுரங்கத்தில் மண் தள்ளும் மிஷின் ஓட்டியவர். இடுப்பு வலி வந்து டவுன்ஷிப்புக்கு மாற்றியிருந்தார்கள். டிராக்டரை அவர் மதிக்கவே மாட்டார். "மைன்ஸ்ல நான் ஓட்டுன மிஷினுக்கு இது கொழந்த சார்" என்று சொல்லிக்கொண்டே கொக்கியை முழு ஆழத்துக்கு இறக்கிவிட்டார். போய்த் திரும்பி வருவதற்குள் அடியில் கெட்டித்துப் போட்டிருந்த கருங்கல் எல்லாம் பல்லிளித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. பாதை போன இடம் தெரியவில்லை. சுத்தமான உழவு. ரோட்டில் போன மாட்டு வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, அக்கறையாக, "இன்னா வெதைக்கப் போறீங்க, மல்லாட்டையா?" என்று கேட்டார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இன்ஜினியர் வந்து பார்த்தார். கொக்கி அவர் சொன்ன யோசனை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "என்னவே செஞ்சி வச்சிருக்கீரு? பிளேடை மாட்டும்வே!" என்று கத்திவிட்டுப் போனார்.

பிளேடை மாட்டினோம். அன்று சனிக்கிழமை. டிரைவரிடம் தெளிவாகத்தான் சொன்னேன்: "மேடா இருக்கறத செதுக்கி, பள்ளத்துல தள்ளிடுங்க. மேல சமமா இருந்தா போதும்." அவரும் "நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க சார், நான் பாத்துக்கறன்" என்றார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. மறுநாள் மாமனார் நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "அநேகமா இந்த வாரம் முடிஞ்சிடும்" என்று மனைவி காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக இன்னும் பத்துப் பாதை போடலாம்.

திங்கட்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன், பாதையில் ஒரு கல் இல்லை. ஒரு சரளை இல்லை. மெயின் ரோட்டிலிருந்து போர்ட்டிகோ வரை முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வழித்து எடுத்திருந்தது. அடியில் வெறும் மணல். கிராவல் மொத்தமும் கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருந்தது. அதுவும் ஏனோதானோ என்று இல்லை. சுரங்கத்து மண்மேடு மாதிரியே படி படியாக, சரிவு பார்த்து, அழகாகக் குவித்திருந்தார் மனிதர்.

"யோவ், என்னய்யா இது!"

"மேல்மண்ணு எல்லாம் எடுத்துட்டன் சார்" என்றார் பெருமையாக.

சுரங்கத்தில் பழகியவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. அங்கே நிலக்கரிக்கு மேலே இருப்பதெல்லாம் குப்பை. செம்மண்ணோ கல்லோ மணலோ, அள்ளித் தூரத்தில் கொட்ட வேண்டியது. கொட்டிக்கொண்டே போனால் ஒருநாள் கறுப்பு தெரியும். அவர் கையில் பிளேடைக் கொடுத்தால் வேறு என்ன செய்வார்? மேடு எது, பள்ளம் எது என்று பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை. மேலே எது, கீழே எது என்றுதான் தெரியும்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்து, "கரி வந்துட்ச்சா?" என்று கேட்டார்கள். ஒருவர் இறங்கி மணலைக் காலால் கிளறினார். "இன்னும் கொஞ்சம் போவணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறிப் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இன்ஜினியர் வந்தார். டிராக்டர் டயரை எட்டி உதைத்தார். அந்தக் கோபத்திலும் அவர் ஒரு நொடி குனிந்து கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"கடைசியா சொல்லுதேன்" என்றார் நிமிர்ந்து. "நாளை மறுநா காலைல அவரு வாராரு. இனி எதை மாட்டுவீரோ, அது உம்ம பாடு."

பின்னால் கிடந்த மலையைச் சித்தாள்களும் லாரியும் சேர்ந்து மறுபடி பாதையில் கொண்டுவந்து கொட்டினார்கள். குவியல் குவியலாகக் கிடந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. கொக்கி கிளறும், பிளேடு வழிக்கும். கிளறவும் கூடாது, வழிக்கவும் கூடாது, மேலே இருக்கிற கல்லை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்துவிட்டால் போதும். யோசித்து யோசித்து, நாற்று நடும் முன்பு சேற்றைச் சமப்படுத்த வயலில் இழுக்கிற பரம்புப் பலகைதான் ஞாபகம் வந்தது. பரம்பில் வெட்டுகிற முனையே கிடையாது. டிரைவர் நினைத்தால்கூட அதை வைத்துத் தோண்ட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அது எனக்குப் பிடித்துப்போனது. ஒர்க்‌ஷாப்பில் கெஞ்சிக் கூத்தாடி, பழைய தண்டவாளத் துண்டு இரண்டைக் குறுக்கே போட்டு, நடுவில் பட்டைகள் பற்றவைத்து, சங்கிலி கட்டி டிராக்டரில் மாட்டினேன்.

அதிகாரி வருகிற நாள் விடியற்காலையில்தான் அது கைக்கு வந்தது. இழுத்தால் துள்ளுகிறது! கொட்டிய கிராவல் மேல் டங் டங் என்று குதித்துக்கொண்டு போகிறதே தவிர, ஒரு கல்லை நகர்த்தவில்லை. கனம் போதவில்லை. மணல் மூட்டை வைத்தோம், கல் கிழித்து மணல் வழியெல்லாம் கொட்டியது. பாறாங்கல் வைத்தோம், உருண்டு விழுந்தது. "நீரே ஏறி நில்லும்வே" என்றார் இன்ஜினியர். ஏறினேன். என் கனம் அப்போது ஒரு மூட்டைப் பொரி அளவு. முதல் வளைவிலேயே செடிக்குள் போய் விழுந்தேன்.

செடியிலிருந்து எழுந்திருக்கிறேன், மெயின் ரோட்டிலிருந்து ஒரு மாட்டு வண்டி பாதைக்குள் திரும்பியது. கிராவல் குவியலில் சக்கரம் புதைந்து, சரியாகப் பரம்புக்குப் பக்கத்தில் நின்றது. வண்டியிலிருந்து பெரிய டிரங்குப் பெட்டி ஒன்று இறங்கியது. அதன் பின்னால் என் மனைவி இறங்கினாள்.

"நீ எங்க இங்க?" என்றேன். வாயிலிருந்த இலையைத் துப்பிவிட்டுத்தான் கேட்டேன்.

"ஏன், வரக்கூடாதா? வாரா வாரம் வந்து கலப்பைங்கிறீங்க, பிளேடுங்கிறீங்க. இந்தப் பாதை என்னிக்கி ஆவுறது, நான் என்னிக்கி வர்றது? அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னே?"

"போறேன்னு சொன்னேன்."

இப்படி ஒருத்தியையா நான் நாற்காலிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்! டிரைவருக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. அவர் கண் பெட்டிமேல் இருந்தது.

"பொட்டியில இன்னாக்கா?"

"சீர் பாத்திரம்ண்ணே. அண்டா, குடம், தவலை."

"பித்தளையா?" என்று கேட்டது இன்ஜினியர்.

"பித்தளைதாங்க."

"நல்ல கனம் இருக்குமே..." என்று இழுத்தார். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கிப் பரம்பு மேல் வைத்துக் கட்டினோம். டிராக்டர் நகர்ந்ததும் பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. "ஐயோ எம் பாத்திரம்!" என்று ஓடினாள். இழுத்து நேராக வைத்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஓட்டுங்கண்ணே, மெதுவா" என்றாள்.

பரம்பு அமுங்கியது. துள்ளவில்லை. கிராவல் சரசரவென்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பெட்டிக்குள் அண்டாவும் குடமும் மோதுகிற சத்தம் டவுன்ஷிப் முழுக்கக் கேட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் கூடவே ஓடினேன், "பத்திரம், பத்திரம்" என்று. இன்ஜினியர் எனக்குப் பின்னால் ஓடினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கார் வர வேண்டும்? சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார் அதிகாரி. வாசலில் காரை நிறுத்தி இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். டிராக்டர். பின்னால் தண்டவாளம். அதன்மேல் டிரங்குப் பெட்டி. அதன்மேல் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு ஒரு பெண்.

"யாரு இது?" என்றார்.

இன்ஜினியர் மென்று விழுங்கி, "வெயிட்டு, சார்" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. பெர்மனென்ட் போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு, இனி நாற்காலிக்கு இந்தப் பக்கமே காலம் முழுக்க என்று நினைத்தேன். அவள் மட்டும் பதறவில்லை. இறங்காமல், உட்கார்ந்தபடியே கும்பிட்டாள்.

"இந்த ஓவர்சியர் சம்சாரங்க. இந்தப் பாதை நேரானாத்தான் இவரை பெர்மனென்ட் பண்ணுவாங்களாம். பெர்மனென்ட் ஆனாத்தான் வூடாம். வூடு குடுத்தாத்தான் எங்கப்பா என்னை அனுப்புவாராம். இவங்களும் ஒண்ணொண்ணா மாட்டிப் பாத்துக்கினே இருந்தாங்க. அதான் நானே வந்து உக்காந்துட்டேங்க."

அதிகாரி, "பாதை எப்படிம்மா இருக்கு?" என்று அவளிடமே கேட்டார்.

"மொத சுத்துல எலும்பெல்லாம் கழண்டுடும் போல இருந்துச்சுங்க. இப்ப தூக்கம் வருது."

அவர் சிரித்த சிரிப்பில் காரின் டிரைவரும் சேர்ந்து சிரித்தார். "அப்ப பாதை பாஸ்" என்றார். இன்ஜினியர் பக்கம் திரும்பி, "இந்தப் பையனோட பேப்பரை அனுப்புங்க, நான் பாக்கறேன்" என்றார். "அனுப்புதேன் சார், இன்னிக்கே அனுப்புதேன்" என்றார் இன்ஜினியர், ஏதோ அவர் மகளுக்கே கல்யாணம் நிச்சயம் ஆனதுபோல. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிராக்டர் புழுதி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

பேப்பர் போன வேகத்தில் குவார்ட்டர்ஸ் வந்துவிடுமா? அது வரை இன்ஜினியர் வீட்டின் பின்கட்டு அறையில் இருந்துகொள்ளச் சொன்னார் அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மாமனார் பஸ் ஏறி வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஆர்டர் வந்துட்ச்சா மாப்ள?"

"இன்னும் வரல மாமா."

"வூடு?"

"அதுவும் வரல."

"அப்ப இன்னாதான் வந்துச்சு?" என்று கத்தினார்.

"நான் வந்துட்டேம்பா" என்று உள்ளேயிருந்து அவள் சொன்னாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா, காப்பி ஆறுது."